அசையாத குச்சி

நேயர்களுக்கு வணக்கம்.

வேலைக்காக ஜப்பான் போய், ஒசாகா பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தபோது எனக்கு 31 வயது. அதுவரை பிசைந்து சாப்பிட்டே பழகிய கை. மதியம் கேன்டீனில் தட்டோடு வந்தது இரண்டு மரக்குச்சி. ஹாஷி என்பார்கள். ஸ்பூன் கேட்டிருந்தால் தந்திருப்பார்கள். ஆனால் எதிரில் உட்கார்ந்திருந்த வயதான சக ஊழியர் ஒருவர், "ஒரு வாரம் ஸ்பூன் வேண்டாம், நான் சொல்லித் தருகிறேன்" என்றார். அந்த அம்மாவுக்கு இன்றைக்கும் நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

புதிதாகப் பழகுகிறவர்கள் இரண்டு குச்சியையும் சேர்த்து அசைக்கிறோம். அங்கேதான் பிசகுகிறது. கீழ்க்குச்சி அசையவே கூடாது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் உள்ள பள்ளத்தில் அதன் பின்பாதி படிய வேண்டும். முன்பாதி மோதிர விரலின் ஓரத்தில், நகத்தை ஒட்டிச் சாய்ந்திருக்கும். மேல்குச்சியைப் பேனா மாதிரிப் பிடித்து, அதை மட்டும் ஏற்றி இறக்க வேண்டும். அந்த அம்மா முதல் இரண்டு நாள் என் கையில் ஒரே ஒரு குச்சியைத்தான் கொடுத்தார். அதை வைத்துக் காற்றில் 1 எழுதச் சொன்னார். மேலிருந்து கீழே, மேலிருந்து கீழே. மூன்றாம் நாள்தான் அடுத்த குச்சி கிடைத்தது.

சோற்றை எப்படி எடுப்பது என்று பலர் கேட்கிறார்கள். அந்த ஊர் அரிசி குட்டை ரகம், வெந்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கிண்ணத்தையும் இடது கையில் தூக்கி வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோவார்கள். கொரியாவில் அப்படித் தூக்க மாட்டார்கள், சோற்றுக்கு அங்கே ஸ்பூன் உண்டு. அதனால் வீட்டில் பழக நினைப்பவர்கள் பொன்னி அரிசிச் சோற்றோடு போராட வேண்டாம். இட்லித் துண்டில் ஆரம்பியுங்கள்.

ஒருநாள் அந்த அம்மா ஒரு முட்டைத் துண்டைத் தன் குச்சியால் எடுத்து என் பக்கம் நீட்டினார். நான் என் குச்சியாலேயே வாங்கப் போனேன். சட்டென்று கையை இழுத்து, என் தட்டில் வைத்துவிட்டார். தகனம் முடிந்ததும் உறவினர்கள் எலும்பைக் குச்சியால் ஒருவருக்கொருவர் கொடுத்துக் கலசத்தில் இடுவது அந்த நாட்டு வழக்கம். சாப்பாட்டில் அதைச் செய்யவே மாட்டார்கள். சோற்றில் குச்சியைச் செங்குத்தாகக் குத்தி வைப்பதும் அப்படித்தான், அது இறந்தவருக்கு வைக்கும் சோறு. உப்பைக் கையில் வாங்காத வீட்டில் வளர்ந்தவன் நான், எனக்கு உடனே புரிந்தது.

அப்புறம் மீன். இலையுதிர் காலத்தில் சன்மா என்று ஒல்லியான ஒரு மீன் வரும். உப்புத் தடவி முழுசாகச் சுட்டுத் தருவார்கள். ஜப்பானியக் குச்சியின் முனை ஏன் அவ்வளவு கூர்மை என்று அன்றுதான் தெரிந்தது. செவுளுக்குப் பின்னாலிருந்து வால்வரை நடுவில் ஒரு கோடு கீற வேண்டும். சதையை மேலும் கீழுமாக ஒதுக்கிச் சாப்பிட வேண்டும். ஒரு பக்கம் முடிந்ததும் மீனைத் திருப்பக் கூடாது, நடுமுள்ளை அப்படியே தூக்கி ஓரமாக வைத்துவிட்டு அடிப்பக்கத்தைச் சாப்பிட வேண்டும். முள் எடுக்க விரல் நுனி செய்கிற வேலையை அந்த முனை செய்கிறது.

மூன்றாவது வருஷம்தான் எனக்கு அது சரியாக வந்தது. தட்டில் தலை, வால், உடையாத ஒரு முள், அவ்வளவுதான். அந்த அம்மா எட்டிப் பார்த்து "கிரெய்" என்றார். அழகு, சுத்தம் இரண்டுக்கும் அங்கே அந்த ஒரு சொல்தான்.