செவ்வாய்க்குப் போகிறவருக்கும் எக்ஸ்ரே அறையில் நிற்கிறவருக்கும் ஒரே அளவி

(குடியாத்தத்தில் நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தலைமை ஏற்றிருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா அவர்களே, முன்னிலை வகிக்கும் நகர்மன்ற உறுப்பினர் அம்மையார் அவர்களே, இடம் தந்து நாற்காலியும் போட்டுத் தந்த நூலகர் அவர்களே, வணிகர் சங்கப் பெருமக்களே, லுங்கித் தறியை நிறுத்திவிட்டு வந்திருக்கும் நெசவாளத் தோழர்களே, முன்வரிசையில் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கும் மாணவச் செல்வங்களே, உங்கள் எல்லோருக்கும் என் பணிவான வணக்கம்.

ஐயா அவர்களைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் பேச்சைத் தொடங்க எனக்கு மனம் வரவில்லை. இந்த ஊரில் பாதிப் பேருக்கு இயற்பியல் சொல்லிக் கொடுத்தவர் அவர். 1986இல் ஜவ்வாது மலை காவலூரில் 2.34 மீட்டர் தொலைநோக்கியைத் திறந்தபோது, அடுத்த விடுமுறையிலேயே பள்ளிப் பிள்ளைகளைப் பேருந்தில் ஏற்றி மலைக்குக் கூட்டிப் போனவர். நகர்மன்ற உறுப்பினர் அம்மையார் நம் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தண்ணீர்த் தொட்டி வரும்வரை ஓயாதவர். அவரிடம் இன்று இன்னொரு கோரிக்கையும் வைக்கப் போகிறேன். எனக்குப் போர்த்திய பொன்னாடையை நூலகப் பணிப்பெண் அம்மாவுக்கே கொடுத்துவிட்டேன், வணிகர் சங்கத்தார் கோபித்துக்கொள்ளக் கூடாது.

எனக்குக் கொடுத்த தலைப்பு, நீண்ட விண்வெளிப் பயணத்தில் மனிதரைக் கதிர்வீச்சிலிருந்து காப்பது எப்படி என்பது. மூன்று செய்திகளைச் சொல்ல வந்திருக்கிறேன். அந்தக் கதிர்வீச்சு எங்கிருந்து வருகிறது, எதை வைத்துத் தடுக்கிறார்கள், உடம்புக்குள் என்ன செய்து அதற்கு மருந்தும் உண்டா என்பவை. எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு பழமொழி இருக்கிறது. என்னை அறிந்தவர்களுக்கு அது தெரியும்: வெள்ளம் வருமுன் அணை போடு. 2021 நவம்பரில் கவுண்டன்யா ஆற்றில் வெள்ளம் வந்ததைப் பார்த்த நமக்கு இதை விளக்கத் தேவையில்லை. 1903இல் பாலாறு பெருகி வாணியம்பாடியை அடித்துக்கொண்டு போனதை நம் பாட்டனார்கள் சொல்லிக் கேட்டவர்களும் இங்கே இருப்பீர்கள்.

முதல் செய்திக்கு வருகிறேன். 1912 ஆகஸ்டில் விக்டர் ஹெஸ் என்ற ஆஸ்திரிய விஞ்ஞானி, பலூனில் ஏறி ஐந்து கிலோமீட்டருக்கு மேல் போனார். பூமியிலிருந்து விலகினால் கதிர்வீச்சு குறையும் என்றுதான் அன்று பலரும் நினைத்தார்கள். அவருடைய கருவியோ மேலே போகப் போகக் கூட்டித்தான் காட்டியது. கதிர்வீச்சு வானத்திலிருந்து வருகிறது என்று அப்படித்தான் தெரிந்தது. 1936இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அண்டக்கதிர் என்று நாம் சொல்வது இதைத்தான். எங்கோ வெடித்துச் சிதறிய விண்மீன்களிலிருந்து ஒளியின் வேகத்தை நெருங்கிப் பாய்ந்து வரும் அணுக்கருக்கள் அவை. பெரும்பாலும் புரோட்டான். கொஞ்சம் இரும்பு போன்ற கனமான கருவும் உண்டு. இது நாள் தவறாமல் வந்துகொண்டே இருக்கும். இன்னொன்று சூரியன் சீறும்போது வரும் புயல். அது எப்போதாவதுதான் வரும், ஆனால் வந்தால் பெருவெள்ளம்தான்.

இங்கே என் தாய்மாமன் கதையைச் சொல்லியாக வேண்டும். நம் குடியாத்தம், பேர்ணாம்பட்டு, ஆம்பூர்ப் பக்கத்து ஜனம் எத்தனை பேர் கோலார் தங்கவயலுக்கு வேலைக்குப் போனார்கள்! என் மாமா சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் இருந்தார். அங்கே அறுபதுகளில் பம்பாயிலிருந்து டாட்டா ஆராய்ச்சி நிறுவனத்து விஞ்ஞானிகள் வந்து இறங்கினார்கள். கூடவே பெட்டி பெட்டியாகக் கருவி. மாமாவுக்கும் அவருடைய கூட்டாளிகளுக்கும் அந்தப் பெட்டிகளைக் கூண்டில் ஏற்றிக் கீழே கொண்டுபோகும் வேலை. இரண்டரை கிலோமீட்டருக்கும் கீழே! பாறையில் கை வைத்தால் சுடும். மாமா பெட்டியைத் தோளில் சுமந்துகொண்டே ஒருநாள் கேட்டாராம்: "சார், இதுக்குள்ள இன்னா சார் கீது?" வந்தவருக்குத் தமிழ் தெரியும் போலிருக்கிறது. "வானத்துலேர்ந்து வர்ற கதிரை எண்ற மிஷினுப்பா" என்றாராம்.

மாமா பெட்டியைக் கீழே வைத்துவிட்டார். "சார், வானத்துலேர்ந்து வர்றத எண்ணணும்னா மலைமேல போவாங்க. நீங்க எதுக்கு சார் பூமிக்குள்ள வந்துகினு கீறீங்க?" கூட இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்களாம். மேஸ்திரி வந்து "வேலயப் பாருங்கப்பா, சார வம்புக்கு இழுக்காதீங்க" என்று அதட்டியிருக்கிறார். அந்த விஞ்ஞானி மேஸ்திரியைக் கையமர்த்திவிட்டு அங்கேயே ஒரு மரக்கட்டையில் உட்கார்ந்துகொண்டு சொன்னாராம்: "உங்க வீட்ல மாவு சலிக்கிறீங்கல்ல? இந்தப் பாறையெல்லாம் சல்லடை. மேலேர்ந்து வர்றத ஒவ்வொண்ணா நிறுத்திடும். கடைசியில எது தப்பிச்சு கீழ வருதுன்னு பாக்கத்தான் வந்திருக்கோம்."

வாரங்கள் ஓடின. மாமா தினமும் கேட்பாராம்: "இன்னா சார், எத்தினி வந்துச்சு?" "ஒண்ணும் வரலப்பா." மறுநாளும் அதே பதில். ஒருநாள் அவர் முகமெல்லாம் மலர்ந்து வந்து, "மிக ஆழத்துல வெச்ச மிஷின்ல ஒண்ணுகூட விழல!" என்றாராம். என் மாமா சாகும்வரை அதைச் சொல்லி வியந்துகொண்டிருந்தார். "டேய், நாங்க தங்கம் கிடைச்சா சந்தோஷப்படுவோம். அவங்க ஒண்ணும் கிடைக்கலன்னு சந்தோஷப்பட்டாங்கடா." அந்த இடம் அத்தனை அமைதியானது என்பதால்தான், 1965இல் அங்கேயே வைத்த கருவிகள், பாறையையும் எளிதாக ஊடுருவிப் போகும் நியூட்ரினோ என்ற நுண்துகளின் தடயத்தைப் பிடித்தன. அது உலக அறிவியல் வரலாற்றில் இருக்கிறது. அந்தப் பெட்டிகளைச் சுமந்த தோள்களில் வடஆர்க்காட்டுத் தோள்களும் இருந்தன என்பதை நாம்தான் சொல்ல வேண்டும்.

(கைதட்டல்)

மாமாவிடம் அன்று சொன்ன பதிலில்தான் இரண்டாம் செய்தி அடங்கியிருக்கிறது. கதிரைத் தடுக்கக் குறுக்கே பொருள் வேண்டும். நம் தலைக்கு மேலுள்ள காற்று மண்டலம் முழுவதையும் எடை போட்டால் பத்து மீட்டர் தண்ணீருக்குச் சமம். அதற்கு மேல் பூமியின் காந்தப்புலம் வேறு காவல் நிற்கிறது. அதனால்தான் உலக சராசரியில் ஓர் ஆண்டுக்கு இயற்கையிலிருந்து நாம் வாங்குவது 2.4 மில்லிசீவர்ட்டோடு நிற்கிறது. உடம்பு வாங்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகுதான் மில்லிசீவர்ட்.

விண்கலத்தில் பத்து மீட்டர் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு போக முடியுமா? சில சென்டிமீட்டர் உலோகம்தான் அங்கே சுவர். 2011 நவம்பரில் செவ்வாய்க்குக் கிளம்பிய கியூரியாசிட்டி விண்கலத்துக்குள் ஒரு கதிர்வீச்சு அளவியையும் வைத்து அனுப்பினார்கள். அது வழிநெடுக அளந்துகொண்டே போனது. நாளொன்றுக்கு 1.8 மில்லிசீவர்ட். நாம் இங்கே ஒன்பது மாதத்தில் வாங்குவதைச் செவ்வாய்க்குப் போகிறவர் ஒரே நாளில் வாங்குவார். போக வர ஏறக்குறைய ஓராண்டுப் பயணம் என்று வைத்துக்கொண்டால் 660 மில்லிசீவர்ட் சேரும். செவ்வாயில் இறங்கித் தங்கும் நாட்களை இன்னும் சேர்க்கவில்லை. நாசா தன் வீரர்களுக்கு வாழ்நாள் முழுவதற்கும் வைத்திருக்கும் வரம்பே 600தான்!

சரி, ஈயத் தகடு போட்டால் என்ன என்று மாணவர்கள் கேட்பீர்கள். எக்ஸ்ரேவுக்கு ஈயம் சரி. அண்டக்கதிரில் வரும் கனமான கரு ஈயத்தில் மோதினால் உடைந்து சிதறும், ஈயத்தின் கருவையும் உடைத்துச் சிதறடிக்கும். ஒன்று வந்த இடத்தில் பத்து புறப்படும். அதனால் ஹைட்ரஜன் நிறைந்த பொருளைத் தேடுகிறார்கள். தண்ணீர் நல்லது, பாலித்தீன் நல்லது. பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் வீரர்கள் தூங்கும் அறைச் சுவர்களில் பாலித்தீன் பலகை பதித்திருக்கிறார்கள். குடிதண்ணீரையும் சாப்பாட்டு மூட்டைகளையும் சுற்றி அடுக்கி நடுவில் ஒரு புகலிடம் செய்வது இன்னொரு வழி.

அந்தப் புகலிடம் சூரியப் புயலுக்காக. 1972 ஏப்ரலில் அப்போலோ 16 நிலவுக்குப் போய்த் திரும்பியது. டிசம்பரில் அப்போலோ 17 போனது. நடுவில் ஆகஸ்டில் சூரியன் வெடித்துச் சீறியது. அந்த நேரம் நிலவின் தரையில் யாராவது நடந்துகொண்டிருந்தால் கடும் நோயில் விழுந்திருப்பார்கள். அன்று காத்தது தேதி, வேறொன்றுமில்லை. தேதியை நம்பி இனி யாரையும் அனுப்ப முடியாது. வெள்ளம் வருமுன் அணை போடு. நம் ஆதித்யா எல்-1 விண்கலம் இப்போது பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி நின்று சூரியனைக் கண்காணிக்கிறது. அதிலுள்ள முக்கியமான கருவி ஒன்றைச் செய்தது இந்திய வானியற்பியல் நிறுவனம். நம் காவலூர் ஆய்வகத்தை நடத்துகிற அதே நிறுவனம்தான்.

இப்போது என் கையில் இருப்பதைப் பாருங்கள். மாணவர்கள் கிட்டே வந்து தொட்டே பார்க்கலாம். தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிய பிளாஸ்டிக் உறை, சட்டையில் மாட்ட ஒரு கிளிப். உள்ளே ஓர் அலுமினியத் தகடு, அதில் மூன்று வட்ட வில்லைகள். கதிர் பட்டால் இந்த வில்லை அதன் ஆற்றலைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆய்வகத்தில் சூடாக்கினால் ஒளியாக விட்டுவிடும். அந்த ஒளியை அளந்தால், இதை மாட்டியிருந்தவர் எவ்வளவு வாங்கினார் என்று தெரிந்துவிடும். இதுதான் டி.எல்.டி. பேட்ஜ். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்.

2022 நவம்பரில் நாசாவின் ஆர்ட்டெமிஸ் 1 விண்கலம் நிலவைச் சுற்றி வந்தபோது மனிதர்களுக்குப் பதிலாக ஹெல்கா, ஜோஹர் என்ற இரண்டு பெண் பொம்மைகளை உட்கார வைத்து அனுப்பினார்கள். ஜோஹருக்கு மட்டும் கதிர்த்தடுப்பு அங்கி. இரண்டின் உடம்புக்குள்ளும் ஆயிரக்கணக்கான சிறு அளவிகள். அவற்றில் நிறைய, இந்தப் பேட்ஜ் எந்த முறையில் வேலை செய்கிறதோ அதே முறையில் வேலை செய்பவை. ஒரு பொம்மையின் நுரையீரலுக்கும் வயிற்றுக்கும் தனித்தனியாகக் கணக்கு பார்த்திருக்கிறார்கள் ஐயா! நம் ஊர் ஸ்கேன் சென்டரில் காலையிலிருந்து இரவுவரை நிற்கிற பையனுக்கு ஒரு கணக்கு வேண்டாமா?

நான் எக்ஸ்ரே அறையிலேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். முதலில் வேலைக்குச் சேர்ந்த இடத்தின் பெயர் வேண்டாம். அங்கே எங்களுக்குப் பேட்ஜ் வாங்கியிருந்தார்கள். தொலைந்துவிடும் என்று அலுவலக பீரோவில் பூட்டி வைத்தார்கள். மூன்று மாதம் கழித்து அதே பேட்ஜை ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். கதிர்வீச்சு ஏதுமில்லை என்று அறிக்கை வரும். எனக்கு வேலை கற்றுக்கொடுத்த பெரியவர், குழந்தைகள் ஆடாமல் இருக்கத் தினமும் தன் கையாலேயே காலைப் பிடித்துக்கொள்வார். அவருடைய விரல் நுனித் தோல் காய்ந்து வெடித்திருக்கும், நகங்கள் வரிவரியாகப் பிளந்திருக்கும். அறிக்கையில் அவர் பெயருக்கு நேரேயும் சுழியம்தான் இருந்தது. எடிசனிடம் வேலை பார்த்த கிளாரன்ஸ் டாலி, எக்ஸ்ரே குழாய்களுக்கு முன்னால் கையை நீட்டி நீட்டிச் சோதித்து, கைகளை இழந்து, 1904இல் இறந்தே போனார். அவர் காலத்தில் யாருக்கும் தெரியவில்லை. நமக்குத் தெரியும்.

சட்டம் இல்லாமல் இல்லை. அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் 1983இலிருந்து இருக்கிறது. கதிர்வீச்சுப் பணியாளருக்கு ஐந்தாண்டு சராசரியில் ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட், எந்த ஓர் ஆண்டிலும் 30ஐத் தாண்டக் கூடாது என்று எழுதி வைத்திருக்கிறது. சரியாக வேலை பார்க்கும் எக்ஸ்ரே அறையில் அதில் ஒரு சிறு பங்குகூட வராது, யாரும் பயப்பட வேண்டாம். மார்பு எக்ஸ்ரே எடுத்துக்கொள்ள வரும் நோயாளியும் பயப்பட வேண்டாம். ஆனால் சரியாக நடக்கிறதா என்று எப்படித் தெரியும்? சட்டையில் பேட்ஜ் இருந்தால்தான் தெரியும். தினக்கூலிக்கு வரும் பையன்களுக்கும் பெண்களுக்கும் பல இடங்களில் அது கிடையாது. கர்ப்பமாக இருக்கும் பெண் ஊழியரின் வயிற்றுப் பிள்ளைக்கு 1 மில்லிசீவர்ட்தான் வரம்பு என்று அந்தப் பெண்ணிடம் எடுத்துச் சொன்னவர்கள் எத்தனை பேர்? நம் விண்வெளி வீரர் சுபான்ஷு சுக்லா 2025இல் விண்வெளி நிலையத்தில் 18 நாள் இருந்தார். அந்த நிலையத்தில் தங்குகிற ஒவ்வொருவருக்கும் சொந்த அளவி உண்டு. வெள்ளம் வருமுன் அணை போடு என்றால், தண்ணீர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்க்க ஓர் அளவுகோல் முதலில் வேண்டாமா?

நூலகர் கடிகாரத்தைக் காட்டுகிறார். உடம்புக்குள் என்ன ஆகிறது, மருந்து உண்டா என்ற மூன்றாம் செய்தியை ஐயா அனுமதித்தால் இன்னொரு கூட்டத்தில் விரிவாகப் பேசுகிறேன். ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். ஆயிரம் மில்லிசீவர்ட் வாங்கினால், புற்றுநோயால் இறக்கும் வாய்ப்பு சுமார் 5 சதவீதம் கூடும் என்பது வல்லுநர்கள் வைத்திருக்கும் கணக்கு.

நகர்மன்ற உறுப்பினர் அம்மையாரிடம் என் கோரிக்கை இதுதான். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மூன்று மாவட்டங்களிலும், எக்ஸ்ரே எடுக்கும் ஒவ்வோர் இடத்திலும், நிரந்தரமோ தற்காலிகமோ, எல்லா ஊழியருக்கும் பேட்ஜ் தர வேண்டும். கடைசி மூன்று மாத அளவை அவரவர் கையில் எழுத்தில் கொடுக்க வேண்டும். சுகாதாரத் துறை ஆய்வுக்கு வரும்போது பீரோவைத் திறந்து பார்க்காமல் சட்டையைப் பார்க்க வேண்டும். மனு வாசல் மேசையில் இருக்கிறது. பெயர், ஊர், கையெழுத்து மூன்றும் வேண்டும். எக்ஸ்ரே அறையில் வேலை பார்க்கிறவர்கள் நிறுவனத்தின் பெயரை எழுத வேண்டாம், வேலைக்கு ஆபத்து வரக் கூடாது. வரும் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் சத்துவாச்சாரி ஆட்சியர் அலுவலகத்தில் கொடுக்கிறோம். அம்மையாரும் உடன் வருவதாகத் தலையசைத்திருக்கிறார்கள். காலை எட்டு மணிக்குப் பேருந்து நிலையத்தில் கூடுவோம். நன்றி, வணக்கம்.