கீழ்க்கோடு கறுத்தால் போதுமா?

நேயர்களுக்கு வணக்கம். ஆராய்ச்சிக்கூடத்தில் நான் பல வருடமாகக் கையாண்டுவரும் ஒரு சின்னக் குப்பியைப் பற்றிப் பேசப்போகிறேன். உள்ளே இருப்பது ஆன்டிபாடி. கொரோனா காலத்தில் எல்லோருக்கும் பழகிய சொல்தான். உடம்பில் அது கிருமியை அடையாளம் கண்டு பற்றிக்கொள்ளும். இந்தக் குப்பியில் இருப்பது எல்.சி.3 என்ற புரதத்தைப் பற்றிக்கொள்ளும். அந்தப் புரதத்தின் ஒரு துண்டை முயலுக்கு ஊசிபோட்டு, முயலின் உடம்பு உண்டாக்கியதைப் பிரித்தெடுத்தது.

நம் செல்கள் பழுதான பொருள்களைத் தமக்குள்ளேயே செரித்து, மறுபடி பயன்படுத்திக்கொள்கின்றன. இதற்கு 1963இல் ஆட்டோஃபேஜி என்று பெயர் வைத்தவர் கிறிஸ்டியான் டி டூவ். தன்னைத் தானே தின்பது என்று பொருள். ஈஸ்டில் இதன் மரபணுக்களைக் கண்டறிந்த ஜப்பானின் யோஷினோரி ஓசுமிக்கு 2016இல் நோபல் பரிசு கிடைத்தது. பழுதானதைச் சுற்றி ஒரு சவ்வுப் பை உருவாகும். பை, செல்லின் செரிமான அறையான லைசோசோமோடு இணையும். அங்கே எல்லாம் செரிந்துவிடும். சும்மா மிதந்துகொண்டிருக்கும் எல்.சி.3, பை உருவாகும்போது ஒரு கொழுப்பு மூலக்கூறோடு சேர்ந்து பையில் ஒட்டிக்கொள்ளும். பைக்குள் மாட்டிய எல்.சி.3 பையோடு செரிந்தும் போகும்.

செல்லின் புரதங்களை ஜெல்லில் ஓடவிட்டு அளவுவாரியாகப் பிரித்து, தாள்போன்ற மெல்லிய சவ்வுக்கு மாற்றி, ஆன்டிபாடியில் ஊறவைப்போம். ஆன்டிபாடி பற்றிய இடம் கோடாகத் தெரியும். மறுநாள் காலை இருட்டறையில் பார்த்தால் இரண்டு கோடுகள். மேலே 16 கிலோடால்டன் (புரத எடையின் அலகு) அருகே மிதக்கும் எல்.சி.3, கீழே 14 அருகே பையில் ஒட்டியது. கொழுப்பு சேர்ந்ததால் எடை கூடியும், ஜெல்லில் அதுதான் வேகமாக இறங்கும். முதன்முதலில் பார்த்தபோது எனக்குப் பெரிய ஆச்சரியம். இவ்வளவு சிறிய புரதம் சவ்வைத் துளைத்துக்கொண்டு போய்விடவும் கூடும். அதனால் 0.45 மைக்ரான் துளைச் சவ்வை விட்டுவிட்டு 0.2 மைக்ரானை எடுப்போம்.

மாணவியாக இருந்தபோது, ஒரு மருந்து கொடுத்த செல்களில் கீழ்க்கோடு கன்னங்கரேலென்று வந்தது. மருந்து ஆட்டோஃபேஜியைத் தூண்டுகிறது என்று துள்ளிக்கொண்டு ஓடினேன். என் வழிகாட்டி விவசாயக் குடும்பத்தவர். படத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏம்மா, வாய்க்கால்ல தண்ணி ஏறியிருக்கு, சரி. மேல திறந்துவிட்டாங்களா, கீழ மடை அடைச்சுக்கிச்சா?"

என்னிடம் பதில் இல்லை. பைகள் கூடுதலாக உருவானாலும் கீழ்க்கோடு கறுக்கும். லைசோசோம் முடங்கி, பைகள் செரிக்காமல் தேங்கினாலும் கறுக்கும். மலேரியாவுக்குக் கொடுக்கும் குளோரோகுவின் இந்த இரண்டாவது வேலையைத்தான் செய்கிறது. எல்.சி.3 எவ்வளவு இருக்கிறது என்று ஆன்டிபாடி காட்டும், பைகள் உருவாகிச் செரியும் ஓட்டத்தைக் காட்டாது. ஓட்டம் தெரிய, நாமே மடையை அடைத்துப் பார்க்க வேண்டும்.

நான்கு தட்டுகள் வைத்தேன்: ஒன்றில் எதுவும் இல்லை, ஒன்றில் மருந்து, ஒன்றில் லைசோசோமை நிறுத்தும் பாஃபிலோமைசின், ஒன்றில் இரண்டும். மருந்து ஓட்டத்தைக் கூட்டியிருந்தால் நான்காவதில் கோடு மூன்றாவதைவிடக் கறுத்திருக்க வேண்டும். இரண்டும் ஒரே கனத்தில் வந்தன. ஓட்டம் கூடவில்லை, மருந்து மடையைத்தான் அடைத்திருந்தது. மூன்று மாத எண்ணமெல்லாம் அந்தக் காலையில் கரைந்தது. ஆனாலும் ஏதோ உண்மையைத் தொட்டுவிட்ட நிம்மதி.

ஆன்டிபாடியையும் சோதிக்க வேண்டும். ஏ.டி.ஜி.5 மரபணுவை நீக்கிய செல்லில் எல்.சி.3 பையில் ஒட்டாது. அங்கேயும் கீழ்க்கோடு தெரிந்தால், அந்தக் குப்பி வேறெதையோ பிடிக்கிறது.

இத்தனை மணி நேரம் பட்டினி கிடந்தால் ஆட்டோஃபேஜி தொடங்கிவிடும் என்று கைப்பேசியில் செய்திகள் சுற்றுகின்றன. என் உறவினர்களே கேட்கிறார்கள். பட்டினியில் ஆட்டோஃபேஜி கூடுவது எலியின் கல்லீரலில் தெளிவாகவே தெரிகிறது. ஆனால் மணிக்கணக்கு சொல்ல ஓட்டத்தை அளக்க வேண்டுமே. மனிதரின் ரத்தத்தை எடுத்து, வெளியே மடையை அடைத்துப் பார்க்கலாம். உயிரோடிருப்பவரின் கல்லீரலிலும் மூளையிலும் அப்படி அடைத்துப் பார்க்க முடியாது. அதனால் என் உறவினர்களுக்கு மணிக்கணக்கு எதுவும் நான் சொல்வதில்லை.

நன்றி, வணக்கம்.