வாயால் சுட்ட வடை

நடுவர் ஐயா, அவையோரே, வணக்கம். நேரம் குறைவு, நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

ஆசியாவை வளைத்தது ஜப்பானின் துப்பாக்கியா, தத்துவமா? துப்பாக்கி அணி அண்ணன் கேட்டுவிட்டுப் போனார்: "வாயால வடை சுட்டு எவனாவது நாட்டைப் பிடிச்சிருக்கானா?" நீங்களும் கை தட்டினீர்கள். பிடித்திருக்கிறான் அண்ணே! சீனாவின் வடகிழக்கில் கிடந்த மஞ்சூரியாவையே பிடித்திருக்கிறான்!

1931 செப்டம்பர் 18, இரவு. மஞ்சூரியாவின் முக்டென் நகருக்கு வடக்கே தண்டவாளத்தில் குண்டு வெடிக்கிறது. தண்டவாளம் யாருடையது? ஜப்பானின் தென் மஞ்சூரிய ரயில்வேயுடையது. குண்டு வைத்தது யார்? அந்தப் பாதைக்குக் காவல் நின்ற ஜப்பானின் குவாந்துங் படை! சொந்தப் பாதையாயிற்றே, மருந்தை அளந்துதான் வைத்தார்கள். இரண்டு மீட்டர் தண்டவாளம்கூடப் போகவில்லை. சற்று நேரத்தில் சாங்சுன் எக்ஸ்பிரஸ் அதே இடத்தைத் தாண்டி முக்டென் போய்ச் சேர்ந்தது.

திரும்பச் சொல்கிறேன் ஐயா. குண்டு வெடித்த தண்டவாளத்தில் ரயில் போனது! ஒரு ரயிலை நிறுத்த வக்கில்லாத குண்டு அண்ணே அது! ஆனால் "சீனர்கள் வைத்தார்கள், தற்காப்புக்காகக் கிளம்புகிறோம்" என்றார்களே, அந்தச் சொல் ஐந்தே மாதத்தில் வட மஞ்சூரியாவின் ஹார்பின் நகரைத் தாண்டியது. குண்டு புஸ்ஸென்று போனது, சொல் வெடித்தது!

துப்பாக்கி சுட்டதை நான் மறுக்கவில்லை. சுட்டவன் கை நடுங்காமல் பார்த்துக்கொண்டது எது? 1890-இல் பிரதமர் யமகட்டா நாடாளுமன்றத்தில் இரண்டு கோடு போட்டார். உள்ளே இறையாண்மைக் கோடு, அதாவது சொந்த எல்லை; அதைக் காக்க வெளியே நலன் கோடு. அன்று நலன் கோடு கொரியாவில். 1910-இல் கொரியாவை விழுங்கியதும் அது உள்கோடாகிவிட்டது. வெளிக்கோடு மஞ்சூரியாவுக்கு நகர்ந்தது. மஞ்சூரியா கிடைத்ததும் வட சீனா. வேலியைக் காக்க வேலி, அதைக் காக்க இன்னொரு வேலி!

1932-இல் மஞ்சூரியாவில் ஜப்பான் நிறுத்திய பொம்மை நாடு, மஞ்சுகுவோ. ஐந்து இனங்களின் இணக்கமாம், கொடியிலும் ஐந்து நிறம். அதே நாட்டில், போர்க்காலப் பங்கீட்டில் அரிசி ஜப்பானியருக்கு. சீனன் அரிசிச் சோறு தின்றால் பொருளாதாரக் குற்றவாளி. சோறு குற்றம் ஐயா, சோறு!

1940-இல் அந்தத் தத்துவத்துக்கு மகா கிழக்காசியக் கூட்டுவளம் என்று பெயர். "ஆசியா ஆசியருக்கே" என்று மலாயா ரப்பர் தோட்டத்துக்கும் வந்தது. நல்ல கூலி, கொஞ்ச நாள் வேலை என்றார்கள். வேலை எங்கே? தாய்லாந்திலிருந்து பர்மாவுக்குப் போட்ட சயாம்-பர்மா ரயில் பாதையில், 415 கிலோமீட்டர், காலராவிலும் பட்டினியிலும். தாய்லாந்தின் காஞ்சனபுரியில், அதே பாதையில் செத்த போர்க்கைதிகளுக்குப் பெயர் வெட்டிய கல்லறைகள் வரிசை வரிசையாய் இருக்கின்றன. நம் தோட்டத்துச் சனத்தில் பெரும்பாலோருக்கு ஒரு கல் கிடையாது, பேர் கிடையாது.

அண்ணே, பின்னால் பலரைப் பிடித்து இழுத்துப் போனார்கள், உண்மை. முதலில் ரயிலேறியவர்களை நினைத்துப் பாருங்கள். அவர்கள் முதுகில் துப்பாக்கி இல்லை. சொன்ன சொல்லை நம்பி ஏறினார்கள். பெண்டாட்டி பிள்ளையோடு ஏறியவர்களும் உண்டு ஐயா.