கூட்டம் கலைந்த பிறகு பிராக்

நேயர்களுக்கு வணக்கம்.

ஐரோப்பாவுக்கு முதல் முறையாகப் போகிறவர்கள் பெரும்பாலும் லண்டன், பாரிஸ், ரோம் என்றுதான் தொடங்குவார்கள். நானும் என் அக்காவும் செக் நாட்டின் தலைநகரான பிராக் நகரத்துக்குப் போனோம். அந்த ஊர்க்காரர்கள் அதைப் பிராஹா என்று சொல்கிறார்கள். முப்பது வருடம் பள்ளியில் இயற்பியல் நடத்தியவள் நான். கோள்களின் ஓட்டத்தைச் சொல்லும் கெப்ளர் விதிகளைக் கரும்பலகையில் எத்தனை தடவை எழுதியிருப்பேன்! அவற்றில் முதல் இரண்டு விதிகள் பிறந்த ஊரை ஓய்வு பெற்றதும் பார்த்துவிட வேண்டும் என்று ஆசை. அக்காவுக்கு இரண்டு முழங்காலும் வலி. அங்கே பழைய தெருக்கள் முழுக்கக் கருங்கல் பாவியவை, வேகமாக நடக்கவே முடியாது. அதனால் நான் எழுதி வைத்திருந்த நீளமான பட்டியலை முதல் நாள் காலையிலேயே மடித்து வைத்துவிட்டோம். குறைந்த இடங்களுக்குப் போவது, போன இடத்தில் உட்கார்ந்து பார்ப்பது என்று முடிவு செய்தோம். அப்படிப் பார்த்ததைத்தான் இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

முதலில் அந்தக் கடிகாரம். பழைய நகரச் சதுக்கத்தில், நகரமன்றக் கட்டடத்தின் சுவரில் இருக்கிறது. முதலில் செய்யப்பட்டது 1410-இல். காலை ஒன்பதிலிருந்து இரவு பதினொன்று வரை, ஒவ்வொரு மணிக்கும் அதன் கீழே நூற்றுக்கணக்கான பேர் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். மணி ஆனதும் ஒரு எலும்புக்கூடு கயிற்றை இழுத்து மணி அடிக்கும். மேலே இரண்டு சின்ன ஜன்னல்கள் திறக்கும். இயேசுவின் பன்னிரண்டு சீடர்கள் வரிசையாக எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள். தங்கச் சேவல் ஒன்று கூவும். எல்லாம் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். கூட்டமும் அப்படியே கலைந்துவிடும்.

அக்கா என்னைப் பார்த்து, "இவ்வளவுதானாடி?" என்றாள்.

"இல்லக்கா, இனிமேதான் இருக்கு" என்று சொல்லி, எதிரே ஓரமாக உட்கார வைத்தேன்.

பொம்மைகளை விட்டுவிட்டு முகப்பைப் பாருங்கள். நடுவில் பூமி. அதைச் சுற்றிச் சூரியனும் சந்திரனும் ஊர்கின்றன. சந்திரன் ஒரு சின்ன உருண்டை, பாதி வெள்ளி, பாதி கறுப்பு. வளர்பிறை தேய்பிறைக்கு ஏற்ப அது தானாகவே திரும்பிக்கொள்ளும். வெளி வளையத்தில் இருபத்து நான்கு எண்கள் உண்டு. சூரியன் மறையும் நேரத்தை 24 என்று வைத்து எண்ணுகிற பழைய செக் கணக்கு அது. முள் 22-இல் நின்றால், இருட்ட இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கிறது என்று வயலில் வேலை செய்பவருக்கும் சந்தைக்கு வந்தவருக்கும் புரிந்துவிடும். எவ்வளவு உபயோகமான கணக்கு!

அதைவிட என்னைப் பிடித்து நிறுத்தியது உள்ளே இருக்கும் வளைந்த தங்கக் கோடுகள். சூரியன் எழுவதிலிருந்து மறைவது வரை உள்ள பகலைப் பன்னிரண்டு சம பங்காகப் பிரிக்கும் கோடுகள் அவை. பிராக்கில் ஜூன் மாதப் பகல் பதினாறு மணி நேரத்துக்கு மேல், டிசம்பரில் எட்டு மணி நேரம். ஆகவே இந்தக் கணக்கில் ஒரு 'மணி' கோடையில் 80 நிமிடம், குளிர்காலத்தில் 40 நிமிடம். நம் பஞ்சாங்கத்தில் ராகு காலத்தை முறைப்படி கணிப்பதும் இதே போலத்தான், பகலை எட்டாகப் பிரித்து. நாம் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் பகல் பெரிதாக நீளுவதும் இல்லை, குறுகுவதும் இல்லை. அதனால் ஒன்றரை மணி நேரம் என்று பொதுவாகச் சொல்லி விட்டுவிடுகிறோம். ஒரே யோசனை வடக்கே போகப் போக எப்படி இழுபடுகிறது என்று அந்தக் கோடுகளைப் பார்த்தால் கண்ணுக்கே தெரிகிறது.

மேஷம் முதல் மீனம் வரை ராசிச் சக்கரமும் அதில் உண்டு. அக்கா தராசையும் தேளையும் அடையாளம் கண்டுபிடித்துவிட்டாள். அப்புறம் ஒரு கேள்வி கேட்டாள். "இது புரட்டாசி மாசம். சூரியன் கன்னியில இல்ல இருக்கணும்? இதுல துலாத்துல நிக்குதே?"

நான் முப்பது வருடத்தில் வகுப்பில் எதிர்கொண்ட மிக நல்ல கேள்விகளில் அதையும் சேர்ப்பேன். வசந்த காலத்தில் பகலும் இரவும் சமமாகும் நாளில் மேஷம் தொடங்குவதாக ஐரோப்பியர் வைத்துக்கொண்டார்கள். நம்மவர்கள் நட்சத்திரங்களை வைத்துக் கணக்குப் போடுகிறார்கள். பூமியின் அச்சு பம்பரம் போல மெல்லத் தலையாட்டுவதால், இரண்டு கணக்கும் சுமார் 72 வருடத்துக்கு ஒரு பாகை விலகுகின்றன. இன்றைக்கு அந்த வித்தியாசம் ஏறக்குறைய 24 பாகை. அதனால்தான் நமக்குக் கன்னி, அவர்களுக்குத் துலாம்.

பூமி நடுவில் இருக்கும் அந்தக் கடிகாரத்திலிருந்து திரும்பினால், சதுக்கத்தின் மறுபக்கம் இரட்டைக் கூம்புகளோடு டீன் தேவாலயம் தெரியும். அதற்குள்தான் டைக்கோ பிராஹேயின் கல்லறை இருக்கிறது. தொலைநோக்கி வருவதற்கு முன்பே, வெறும் கண்ணால் கோள்களை அத்தனை துல்லியமாக அளந்து குறித்து வைத்தவர் அவர். 1601-இல் இதே ஊரில் இறந்தார். அவருடைய செவ்வாய்க் குறிப்புகளை எடுத்துக்கொண்டு கெப்ளர் வருடக்கணக்காகப் போராடி, கோள்கள் சூரியனை நீள்வட்டத்தில் சுற்றுகின்றன என்று 1609-இல் வெளியிட்டார். கெப்ளர் 1600-லிருந்து 1612 வரை வாழ்ந்தது பிராக்கில்தான். பழைய வானமும் புதிய வானமும் ஒரே சதுக்கத்தில் எதிரெதிரே! எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

அங்கிருந்து கிளம்பும் முன் கொஞ்சம் தரையையும் பாருங்கள். நகரமன்றக் கட்டடத்தின் ஓரத்தில் கல்லோடு கல்லாக 27 வெள்ளைச் சிலுவைகள் பதித்திருக்கிறார்கள். பலரும் பார்க்காமல் மிதித்துக்கொண்டு போகிறார்கள். 1621 ஜூன் 21 அன்று அந்த இடத்தில் 27 பேரைக் கொன்றார்கள். கதை மேட்டின் மேல் இருக்கும் பிராக் கோட்டையில் தொடங்குகிறது. 1618 மே மாதம், தங்கள் வழிபாட்டு உரிமையைப் பறிக்கிறார்கள் என்று கொதித்த புராட்டஸ்டன்ட் பிரபுக்கள், கத்தோலிக்கப் பேரரசரின் ஆளுநர்கள் இரண்டு பேரையும் எழுத்தர் ஒருவரையும் கோட்டை ஜன்னல் வழியாகத் தூக்கி வெளியே எறிந்தார்கள். மூவரும் பிழைத்துக்கொண்டார்கள். அதிலிருந்து மூண்டதுதான் முப்பதாண்டுப் போர். 1620-இல் ஊருக்கு வெளியே வெள்ளைமலைச் சண்டையில் பிரபுக்கள் தோற்றார்கள். அடுத்த வருடம் இந்தச் சதுக்கத்தில் தண்டனை. பன்னிரண்டு பேரின் தலைகளைச் சார்லஸ் பாலத்தின் கோபுரத்தில் பத்து வருடம் தொங்க விட்டிருந்தார்கள்.

அந்த 27 பேரில் யான் எசேனியஸ் என்ற மருத்துவரும் ஒருவர். பிராக் பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்தவர். 1600-இல் பிராக்கில் மக்கள் முன்னிலையில் மனித உடலை அறுத்துப் பாடம் நடத்தியவர். டைக்கோவின் இறுதிச் சடங்கில் உரை ஆற்றியவரும் அவர்தான். நாக்கை அறுத்த பிறகே அவர் தலையை வெட்டினார்கள். முதல் முறை போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: கோட்டை ஜன்னல், தரைச் சிலுவைகள், பாலத்துக் கோபுரம் மூன்றையும் ஒரே கதையாக வரிசைப்படுத்திப் பாருங்கள். தனித்தனியாகப் பார்த்தால் அவை ஒரு ஜன்னல், சில சிலுவைகள், ஒரு கோபுரம், அவ்வளவுதான்.

சார்லஸ் பாலத்துக்கு விடியற்காலையில் போய்விடுங்கள். அக்டோபரில் அங்கே சூரியன் எழவே ஏழு மணி ஆகிவிடுகிறது, ஆகவே தூக்கம் கெடாது. பத்து மணிக்குப் போனால் தோளோடு தோள் இடிக்கும். 1357-இல் நான்காம் சார்லஸ் மன்னர் அடிக்கல் நாட்டிய பாலம், நீளம் 516 மீட்டர், பதினாறு வளைவுகள், இருபுறமும் முப்பது சிலைகள். சாந்தில் முட்டை கலந்து கட்டியதாக ஊரில் ஒரு கதை சொல்கிறார்கள். செட்டிநாட்டு வீட்டுச் சுவரைத் தடவிப் பார்த்தவர்களுக்கு அது புதிதாகத் தோன்றாது. நாங்கள் போன காலையில் வல்தாவா ஆற்றின் மேல் பனி படர்ந்திருந்தது. சிலைகள் ஒவ்வொன்றாகக் கறுப்பாக வெளியே வந்தன. ஒரு மணி நேரம் அங்கேயே நின்றோம்.

கோட்டையைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை, அது தானே உங்களை இழுத்துக்கொள்ளும். மேட்டில் ஏற முடியாதவர்கள் 22-ஆம் எண் டிராமில் போனால் கோட்டைக்குப் பக்கத்திலேயே இறங்கலாம். உள்ளே இருக்கும் புனித விட்டஸ் பேராலயத்தை 1344-இல் தொடங்கி 1929-இல்தான் முடித்தார்கள். ஏறக்குறைய அறுநூறு வருடம்!

இனி கொஞ்சம் நடைமுறை விஷயம். செக் நாடு ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்தாலும் பணம் யூரோ இல்லை, கொருனா. சதுக்கத்துக்குப் பக்கத்தில் 'கமிஷன் இல்லை' என்று எழுதியிருந்த ஒரு கடையில் பணம் மாற்றி, நல்ல தொகையை இழந்தோம். கமிஷன் இல்லைதான், ஆனால் மாற்று விகிதமே படுமோசம். ஆயிரம் யூரோ வரையிலான பணமாற்றை மூன்று மணி நேரத்துக்குள் போய் ரத்து செய்துகொள்ள அந்த நாட்டில் சட்டம் இடம் தருகிறது என்பது மறுநாள்தான் எங்களுக்குத் தெரிந்தது. நீங்கள் தெரிந்துகொண்டு போங்கள், ரசீதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். டிராமுக்கும் மெட்ரோவுக்கும் ஒரே டிக்கெட். காகித டிக்கெட் வாங்கினால் மட்டும் போதாது, முதலில் ஏறும்போது அதைச் சின்ன இயந்திரத்தில் செருகி நேரம் பதிய வேண்டும். பதியாத டிக்கெட்டுக்கும் அபராதம் உண்டு. சைவம் சாப்பிடுகிறவர்கள் பயப்பட வேண்டாம். புரட்டாசி விரதத்தில் இருந்த அக்கா, பாலாடைக்கட்டியை ரொட்டித் தூளில் புரட்டிப் பொரித்துத் தரும் ஸ்மஜெனீ சீர் என்ற பண்டத்தை உருளைக்கிழங்கோடு மூன்று நாளும் ரசித்துச் சாப்பிட்டாள். சமைக்கும் எண்ணெயைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசி நாள் ஞாயிற்றுக்கிழமை. யூதர்களின் பழைய குடியிருப்பான யோசெஃபோவுக்குப் போனோம். அங்குள்ள அருங்காட்சியகக் கட்டடங்கள் சனிக்கிழமை மூடியிருக்கும், அதற்கேற்ப நாளை வைத்துக்கொள்ளுங்கள். பின்காஸ் தொழுகைக்கூடத்தின் சுவர்களில் வேறு அலங்காரம் எதுவும் இல்லை, பெயர்கள் மட்டும்தான். நாஜிகள் கொன்ற, செக் நாட்டின் பொஹீமிய, மொராவியப் பகுதி யூதர்கள் ஏறக்குறைய எண்பதாயிரம் பேரின் பெயர்களைக் கையால் எழுதி வைத்திருக்கிறார்கள். குடும்பப் பெயர் சிவப்பில். பிறகு ஒவ்வொருவருடைய பெயர், பிறந்த தேதி, உயிரோடு இருந்ததாகக் கடைசியாகத் தெரிந்த தேதி. தூரத்திலிருந்து பார்த்தால் சுவருக்கு ஏதோ நெசவுத் துணி போர்த்தியது போலத் தெரிகிறது. பக்கத்தில் போனால்தான் அது எழுத்து என்று புரிகிறது. அக்கா ஒரு இடத்தில் நின்று பிறந்த வருடங்களைக் கழித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இது நாலு வயசுடி" என்றாள். அப்புறம் கழித்துப் பார்க்கவில்லை.

மாடியில் குழந்தைகள் வரைந்த படங்கள். நாஜிகளின் தெரெசின் முகாமில் அடைபட்டிருந்த பிள்ளைகளுக்கு ஃபிரீடல் டிக்கர்-பிராண்டைஸ் என்ற ஓவியர் ரகசியமாக வகுப்பு நடத்தினார். 1944-இல் அவரை ஆஷ்விட்சுக்கு அனுப்பிக் கொன்றுவிட்டார்கள். போகும் முன் சுமார் 4,500 படங்களைப் பெட்டிகளில் ஒளித்து வைத்திருந்தார். பூக்கள், வீடு, பட்டாம்பூச்சி. நம் வகுப்புப் பிள்ளைகள் வரைவது போலவே இருக்கின்றன. ஆசிரியையாக வேலை பார்த்தவள் நான், அந்த அறையை விட்டு வெளியே வர எனக்கு நேரம் பிடித்தது.

பக்கத்துக் கல்லறைத் தோட்டத்தில் பன்னிரண்டாயிரம் கற்கள் ஒன்றன் மேல் ஒன்று சாய்ந்து கிடக்கின்றன. யூதர்களுக்கு வேறு இடம் கிடைக்காததால் மண்ணைக் கொட்டி, அடுக்கடுக்காகப் புதைத்திருக்கிறார்கள்.

அங்கிருந்து ஆற்றுப் பக்கம் சில நிமிடம் நடந்தால் யான் பாலாக் சதுக்கம் வரும். 1968-இல் சோவியத் டாங்கிகள் நாட்டுக்குள் நுழைந்ததை எதிர்த்து, அடுத்த ஜனவரியில் தன்னையே எரித்துக்கொண்ட இருபது வயது மாணவர் அவர். அவர் படித்த சார்லஸ் பல்கலைக்கழகத்தின் கலைப்புலம் அந்தச் சதுக்கத்தில்தான் இருக்கிறது. 1348-இல் தொடங்கிய பல்கலைக்கழகம் அது. பிராக்கில் பிறந்து தமிழை ஆழக் கற்று, தமிழ் இலக்கியத்தை உலகத்துக்கு எடுத்துச் சொன்ன கமில் சுவெலபில் ஆசிரியராக இருந்ததும் அதே பல்கலைக்கழகத்தில்தான். அந்தப் படையெடுப்புக்குப் பிறகு அவரும் நாட்டை விட்டுப் போக வேண்டியதாயிற்று.

இதை அக்காவிடம் சொன்னேன். அவள் அந்தக் கட்டடத்தை அண்ணாந்து பார்த்தாள். "இங்கேயா தமிழ் சொல்லிக் கொடுத்தாங்க?"

"இந்தப் பல்கலைக்கழகத்துலதான்க்கா."

"உள்ளே போய்ப் பார்க்கலாம் வா."

ஞாயிற்றுக்கிழமை, கதவு பூட்டியிருந்தது. அக்கா சிறிது நேரம் கதவின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு வாசல் படியில் உட்கார்ந்து, ஊரிலிருந்து கொண்டுபோன முறுக்கில் மிச்சமிருந்ததை ஆளுக்குப் பாதியாகச் சாப்பிட்டோம். ஆற்றுக்கு அந்தப் பக்கம் கோட்டை முழுசாகத் தெரிந்தது.

வணக்கம்.