எந்தக் கதவு திறக்கலாம்?

நேயர்களுக்கு வணக்கம்.

ரயில் நிலையத்துக்குள் வருகிறது, நிற்கிறது, கதவு திறக்கிறது. இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்றுதான் தோன்றும். ரயிலைவிட நடைமேடை குட்டையாக இருக்கும் இடத்தில்தான் யோசனையே ஆரம்பிக்கிறது. 12 பெட்டி ரயில் வருகிறது, நடைமேடையோ 8 பெட்டிக்குத்தான் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதி 4 பெட்டிகளின் கதவும் திறந்தால், இருட்டில் காலை வெளியே வைப்பவருக்குக் கீழே ஜல்லிதான் இருக்கும்.

எனவே நடைமேடையை ஒட்டி நிற்கும் கதவுகளை மட்டும் திறக்கும் ஏற்பாடு வந்தது. முதலில் அதை மனிதர் கையில் விட்டார்கள். இந்த நிலையத்தில் எத்தனை பெட்டி திறக்கலாம் என்பதை கார்டோ ஓட்டுநரோ நினைவில் வைத்திருந்து, அதன்படி பொத்தானை அழுத்துவார். ஒரே வழித்தடத்தில் நாளெல்லாம் ஓடிவிட்டு வருகிற ஒருவரின் நினைவை நம்பி இவ்வளவு பெரிய பொறுப்பை வைப்பது சரியல்ல என்பது என் உறுதியான கருத்து. அவர் கவனக்குறைவானவர் என்பதால் சொல்லவில்லை. ஆயிரம் முறை சரியாகச் செய்த வேலையை அடுத்த முறை கை தானாகவே செய்துவிடும், மனம் அங்கே இருக்காது.

அப்புறம் அதைத் தானியங்கி ஆக்கினார்கள். சில ரயில்கள் செயற்கைக்கோள் வழியாகத் தங்கள் இடத்தைத் தெரிந்துகொண்டன. திறந்தவெளியில் அது நன்றாகவே வேலை செய்யும். ஆனால் பெரிய கூரைக்கு அடியிலும் சுரங்கத்திலும் தடுமாறும். அருகருகே இரண்டு தண்டவாளங்கள் இருந்தால், எதில் நிற்கிறோம் என்று உறுதியாகச் சொல்லாது. ஒரு தண்டவாளத்துக்கு நடைமேடை இடப்பக்கம், அடுத்ததற்கு வலப்பக்கம் என்றால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

இன்னொரு வழி, ரயில் ஓடும் பாதையின் நடுவிலேயே பதிக்கும் பலீஸ் என்ற கருவி. பெரும்பாலும் மஞ்சள் நிறத்தில், தட்டையான பலகை போல இருக்கும். அதற்கெனத் தனி மின்சாரம் தேவையில்லை. மேலே கடந்து போகும் ரயில் அனுப்பும் அலையிலேயே விழித்துக்கொண்டு, தன்னிடம் உள்ள செய்தியைச் சொல்லிவிடும். ஐரோப்பிய ரயில் கட்டுப்பாட்டு முறையான ஈடிசிஎஸ் இந்தப் பலீஸ்களை வைத்துத்தான் ரயிலுக்கு இடம் காட்டுகிறது.

இங்கேதான் எல்லோருக்கும் அந்த எண்ணம் வரும். ரயிலின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவிக்கே ரயில் எங்கே இருக்கிறது என்று தெரியுமே, கதவுக்கென்று தனியாக இன்னொரு கருவி எதற்கு? அதையே கேட்டுக்கொள்ளலாமே? நியாயமான எண்ணம்தான். ஈடிசிஎஸ்ஸை வகுத்தவர்களும் இதை நினைத்திருக்கிறார்கள். அதன் மூன்றாம் அடித்தளப் பதிப்பில் 69 என்ற எண்ணுள்ள தகவல் தொகுப்பு இருக்கிறது. வரப்போகும் நடைமேடை எங்கே தொடங்குகிறது, எவ்வளவு நீளம், எந்தப் பக்கம், எவ்வளவு உயரம் என்ற நான்கையும் அது ரயிலுக்குச் சொல்லும்.

ஆனால் தகவல் கிடைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்துவிடக் கூடாது. பலீஸைக் கடந்தபின் ரயில் தன் சக்கரச் சுழற்சியையும் பிற உணரிகளையும் வைத்துத் தூரத்தை அளக்கிறது. மழையில் சக்கரம் வழுக்கும், அளவு பிசகும். ஈடிசிஎஸ் விதிப்படி இந்தப் பிழை 5 மீட்டரும், கடந்த தூரத்தில் 5 சதவீதமும் சேர்ந்த அளவு வரை போகலாம். கடைசிப் பலீஸ் நிற்கும் இடத்துக்கு 300 மீட்டர் முன்னால் இருந்தால், கணக்குப் போட்டுப் பாருங்கள்: 5, அதோடு 15, மொத்தம் 20 மீட்டர். கிட்டத்தட்ட ஒரு முழுப் பெட்டியின் நீளம்! நடைமுறையில் பிழை இதைவிடக் குறைவாகவே இருக்கும். ஆனாலும் பாதுகாப்பை எண்ணிக் கணக்குப் போடுகிறவர் மோசமான நாளைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். அதே பலீஸை 20 மீட்டர் முன்னால் பதித்தால் பிழை 6 மீட்டருக்குள் அடங்கிவிடும். நடைமேடைக்குள்ளேயே, ரயில் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் பலீஸ் வேண்டும் என்று கதவுக்காரர்கள் கேட்பது இதனால்தான்.

இதைவிட நுட்பமான சிக்கல் ஒன்று உண்டு. பிரேக் போடுவதற்கு ஈடிசிஎஸ் ஒரு பக்கம் மட்டும் பார்த்தால் போதும். ரயிலின் மூக்கு எவ்வளவு முன்னால் போயிருக்கக்கூடும் என்று எடுத்துக்கொண்டு, அதற்கேற்ப நிறுத்தும். கதவுக்கு அது போதாது. முன் கதவுகள் நடைமேடையைத் தாண்டியிருக்குமோ என்று பார்க்க, ரயில் மிக முன்னால் இருப்பதாக நினைக்க வேண்டும். பின் கதவுகள் நடைமேடைக்கு வந்து சேர்ந்தனவா என்று பார்க்க, அதே ரயில் மிகப் பின்னால் இருப்பதாக நினைக்க வேண்டும். இரண்டு கணக்கிலும் நடைமேடைக்குள் விழும் கதவுகளை மட்டுமே திறக்கலாம். வேகக் கட்டுப்பாட்டுக்கென வகுத்த எண்ணை அப்படியே எடுத்துக் கதவுக்குக் கொடுத்தால் ஒரு முனையில் தவறாகிவிடும். ஈடிசிஎஸ்ஸையும் கதவுக் கருவியையும் இணைக்க உட்காருபவர்கள் முதல் நாளே பேசித் தீர்க்க வேண்டிய விஷயம் இது.

எல்லா வழித்தடத்திலும் ஒரே கட்டுப்பாட்டு முறை இருப்பதில்லை என்பது அடுத்த தலைவலி. லண்டனின் எலிசபெத் வழித்தடம் 2022 மே 24 அன்று திறந்தது. அதில் ஓடும் 9 பெட்டி ரயில் 200 மீட்டருக்கும் சற்று அதிக நீளம். நகருக்கு அடியில் ஒரு கட்டுப்பாட்டு முறை, ஹீத்ரோ விமான நிலையப் பக்கம் ஈடிசிஎஸ், மற்ற இடங்களில் பழைய சிக்னல் என்று ஒரே ரயில் மூன்று உலகங்களைக் கடக்கிறது. சுரங்க நிலையங்களில் நடைமேடையிலும் கண்ணாடிக் கதவுகள் உண்டு. ரயிலின் ஒரு பக்கத்து 27 கதவும் அவற்றுக்கு நேராக நிற்க வேண்டும். அதே வழித்தடத்தில் மேரிலேண்ட் என்ற சிறிய நிலையம். அதன் நடைமேடையை நீட்ட வழியில்லாததால் முதலில் திட்டத்திலேயே சேர்க்கவில்லை. கதவுகளைத் தேர்ந்து திறக்கும் வசதியால்தான் பிறகு அங்கே ரயில் நிற்பதாயிற்று. அந்த ஊர்க்காரர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்!

பழைய சிக்னல் உள்ள பகுதியிலும் பலீஸைப் பதித்துக் கதவுக்கு மட்டும் செய்தி சொல்ல முடியும். ஈடிசிஎஸ்ஸுக்கு வெளியே உள்ள பயன்பாடுகளுக்கென்றே 44 என்ற எண்ணுள்ள தகவல் தொகுப்பு பலீஸ் பேசும் மொழியில் இருக்கிறது. ரயில் ஒரு பகுதியிலிருந்து மறு பகுதிக்குப் போகும்போது, எந்தச் செய்தியை நம்புவது என்பதைக் கதவுக் கருவி தெளிவாக அறிந்திருக்க வேண்டும். சந்தேகம் வந்தால் மூடியே இருக்க வேண்டும்.

மூடிய கதவு எப்போதும் பாதுகாப்பானது என்றும் சொல்லிவிட முடியாது. இரண்டு பெட்டித் தொகுதிகளை இணைத்து ஓட்டும் சில ரயில்களில் நடுவே கடந்து போக வழி கிடையாது. பின் தொகுதியில் மாட்டிக்கொண்டவர் கதவைத் தட்டிப் பார்ப்பார், பதறுவார், அவசரக் கைப்பிடியை இழுப்பார். நடைமேடை இல்லாத இடத்தில் அவர் இறங்கினால் என்ன செய்வது?

வேகக் கட்டுப்பாட்டுக் கருவியையும் கதவுக் கருவியையும் இணைப்பதில் எனக்கு மிகவும் பிடித்த பயன் இங்கேதான் இருக்கிறது. நடைமேடை பற்றிய செய்தி ரயில் நிற்பதற்கு முன்பே வந்துவிடுகிறது. ஆகவே நிலையம் வர இன்னும் சில நிமிடங்கள் இருக்கும்போதே, இந்தப் பெட்டியின் கதவு அடுத்த நிலையத்தில் திறக்காது, மூன்று பெட்டி முன்னால் போங்கள் என்று ரயிலே சொல்லலாம். கதவுக்கு மேலே எழுத்திலும் காட்டலாம், காது கேளாதவருக்காக. சக்கர நாற்காலியில் வருபவர் நகரும் ரயிலில் மூன்று பெட்டி கடக்க முடியாது. அவருக்கு ஏறும் நிலையத்திலேயே, சரியான பெட்டிக்கு முன்னால் நிற்கும்போதே இது தெரிந்திருக்க வேண்டும்.

நன்றி, வணக்கம்.