சட்டிக்குள் மடித்து வைத்த துணி

வணக்கம் நேயர்களே. வீடு வாடகைக்குக் கொடுப்பவர்கள் வரும் முன் காப்பது எப்படி என்று பேசச் சொல்லி நிலையத்தார் அழைத்தார்கள். திருகோணமலையில், உவர்மலையில் ஒரு வீடும் உப்புவெளியில் ஒரு வீடும் இருபது வருடத்துக்கு மேலாக வாடகைக்குக் கொடுத்து வருகிறேன். ஆலோசனை சொல்லுமளவுக்குப் பிழைகள் விட்டிருக்கிறேன். அவற்றில் பெரிய பிழையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சுனாமிக்குப் பின்னர் தொண்டு நிறுவனங்கள் வந்திறங்கி, திருகோணமலையில் வாடகை ஏறிய காலம். வீட்டுக்காரர்களாகிய எங்களுக்குத் தலைக்கனமும் சேர்ந்தே ஏறியது. அப்போது மட்டக்களப்பிலிருந்து மாற்றலாகி வந்த ஒரு தம்பி, மனைவி, கைக்குழந்தையோடு என் பக்கத்து வீட்டில், அதாவது என்னுடைய வாடகை வீட்டில், குடியேறினார். முதல் மாதமே மாலையில் வந்து, "ரீச்சர், குசினி பைப் சொட்டுகிறது" என்றார். நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "தம்பி, பைப் என்றால் கொஞ்சம் சொட்டத்தான் செய்யும்" என்றேன். அவர் சிரித்துவிட்டுப் போனார். அதன் பிறகு ஒரு முறைப்பாடும் இல்லை. இப்படி ஒரு தங்கமான பிள்ளை எங்கே கிடைக்கும் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

மூன்றாம் வருடம் அவருக்கு மாற்றம் வந்தது. திறப்பை வாங்கப் போனால், வீடு துடைத்து விட்டதுபோல இருக்கிறது. படுக்கையறை மூலையில் மட்டும் ஓர் அலுமினியச் சட்டி. அண்ணாந்து பார்த்தேன். சீலிங் பலகை கறுத்து, தொப்பை போட்டுத் தொங்குகிறது. சட்டிக்குள் ஒரு துவாயை நாலாக மடித்து வைத்திருந்தார்கள். எதற்குத் துவாய் என்று கேட்டேன். அந்தப் பிள்ளையின் மனைவி சொன்னார்: "வெறும் சட்டியில் சொட்டினால் இரவில் சத்தம், ரீச்சர். குழந்தை எழும்பிவிடும். உங்களுக்கும் கேட்கும்."

எனக்குக் கேட்கக்கூடாது என்பதற்காக, நேயர்களே, இரண்டு மாரி அந்தத் துவாய் நனைந்திருக்கிறது.

சீலிங்கைக் கழற்றினோம். கூரையைத் தாங்கும் கைமரம் இரண்டு உக்கிப்போயிருந்தது. ஈரத்துக்கு வந்த கறையான், ஓடு தாங்கும் சிலாகைகளை மாவாக்கியிருந்தது. காரணம் என்ன தெரியுமா? வெடித்த முகட்டு ஓடு ஒன்று, வேப்பஞ்சருகு அடைத்த பீலி, அதாவது கூரைத் தண்ணீர் ஓடும் வாய்க்கால், ஒன்று. முதல் ஒழுக்கிலேயே யாராவது ஏறியிருந்தால் அரைநாள் வேலை. எனக்கு ஐந்து மாத வாடகை போனது. அந்தத் தம்பிமேல் கோபம் வரப் பார்த்தது. ஆனால் சொல்ல வந்த வாயை அடைத்தது யார்? நான்தான்.

ஆகவே நான் சொல்ல வந்தது இவ்வளவுதான்: முறைப்பாடு சொல்கிற வாடகைக்காரர் உங்கள் வீட்டுக்குச் சம்பளமில்லாத காவல்காரர். அவரைச் சொல்ல வையுங்கள். இப்போதுதான் வானொலியைத் திறந்தவர்களுக்காக இன்னொரு முறை: சொல்ல வையுங்கள்.

எப்படி? என் வீடுகளில் மின்மானிக்குப் பக்கத்தில் ஓர் அப்பியாசக் கொப்பி தொங்குகிறது. திகதி, என்ன பழுது, எப்போது திருத்தியது, என்ன செலவு. முகத்தைப் பார்த்துச் சொல்லக் கூச்சப்படுபவர்கள் எழுதிவிடுவார்கள். சின்னத் திருத்தம் என்றால் அவர்களே ஆளைப் பிடித்துச் செய்து, பற்றுச்சீட்டைக் காட்டி வாடகையில் கழித்துக்கொள்ளலாம். எவ்வளவு வரைக்கும் என்பதை முதல் நாளே பேசிவிடுவேன். ஏமாற்றமாட்டார்களா என்று என் தங்கை கேட்டாள். பைப் வாசரில் எவ்வளவு ஏமாற்றிவிடுவார்கள்?

இனிப் பீலி. பீலியைப் பற்றிப் பேசத் தொடங்கினால் நிறுத்தமாட்டேன் என்று வீட்டில் கேலி செய்வார்கள். நம் ஊரில் மழை ஐப்பசியிலிருந்து தை வரைக்கும் சேர்த்துவைத்துக் கொட்டும். மற்ற மாதங்களில் கச்சான் காற்றடித்துச் சருகு முழுவதையும் கூரைக்கு ஏற்றிவிடும். ஆவணியில் வீட்டைப் பார்த்தால் எந்த வீடும் நல்ல வீடுதான்! புரட்டாசி முடிவதற்குள் ஓராளை ஏற்றிப் பீலியை வழித்து, முகட்டு ஓடுகளைத் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு முதல் பெருமழை பெய்யும்போதே, குடியிருப்பவரைக் கேட்டுக்கொண்டு, குடையோடு அந்த வீட்டுக்குப் போங்கள். ஆம், மழை பெய்யும்போதுதான். விட்ட பிறகு போனால் தேநீர்தான் கிடைக்கும். தண்ணீர் சுவரில் எந்த வழியாக இறங்குகிறது, வளவில் எங்கே தேங்குகிறது என்பது கண்ணுக்கு முன்னாலேயே தெரியும். வீடு வாங்க நினைப்பவர்களும் விலை பேசுமுன் ஒரு மாரி நாளில் போய்ப் பார்ப்பது நல்லது.

பீலியில் தண்ணீர் தேங்கினால் டெங்கு நுளம்பும் வரும். 2007ஆம் ஆண்டின் நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டத்தின்படி வளவைச் சுத்தமாக வைத்திருக்கும் பொறுப்பு, குடியிருப்பவர், வீட்டுக்காரர் இருவரையும் தொடும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வாசலில் நிற்கும்போது ஒருவரை ஒருவர் கைகாட்டுவது அழகில்லை.

கடற்கரைப் பக்கம், உப்புவெளி நிலாவெளி வீட்டுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. உப்புக்காற்றில் கொங்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி துருப்பிடிக்கும். துருப்பிடித்த கம்பி பருக்கும். பருத்தது கொங்கிரீட்டைப் பிளக்கும். மயிரிழை வெடிப்பாக இருக்கும்போதே கொத்தித் துருவைச் சுரண்டி, துருத்தடுப்புப் பூச்சுப் பூசி அடைக்கவேண்டும். வாடகைக்காரர் வருகிறார் என்று மேலே வெள்ளை அடித்து மறைத்தால், நீங்கள் உங்களிடமிருந்தே மறைக்கிறீர்கள். கழுவாத கடல்மணலில் சாந்து பூசிய சுவரோ முழங்கால் உயரத்துக்கு உப்புப் பூத்து உதிரும். எத்தனை தரம் பெயின்ட் அடித்தாலும் நிற்காது. கதவுப் பிணைச்சல் பித்தளையில் போடுங்கள்.

அடுத்தது எழுத்து. நம்மவர்கள் வெற்றுத்தாளில் ஒப்பந்தம் எழுதி முத்திரை ஒட்டிவிட்டு நிம்மதியாக இருந்துவிடுவார்கள். 1840இலிருந்து நடைமுறையில் இருக்கும் மோசடித் தடுப்புக் கட்டளைச்சட்டம், ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை என்றால் நொத்தாரிசு, இரண்டு சாட்சிகள் முன்னிலையில் எழுதப்பட வேண்டும் என்கிறது. இரண்டு வருடத்துக்கு என்று வெற்றுத்தாளில் எழுதியதை நம்பி நீதிமன்றம் போனவர்களின் முகத்தை நான் பார்த்திருக்கிறேன். இன்னொரு பக்கம், 1972ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தின் பெயரைக் கேட்டாலே, குடியிருப்பவரை எழுப்ப முடியாது என்று பயந்து, வீட்டைப் பூட்டிவைத்துவிட்டு வெளிநாட்டில் இருப்பவர்களும் உண்டு. பூட்டிய வீட்டில் முறைப்பாடு சொல்ல யாருமில்லை. கறையானுக்கு அதுவே வசதி. ஒரு நல்ல சட்டத்தரணியிடம் ஒரு மணிநேரம் இருந்து கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

கண்ணாடிக்கு அப்பால் நிகழ்ச்சிப் பொறுப்பாளர் இரண்டு விரலைக் காட்டுகிறார். இரண்டு நிமிடம் என்று நினைத்துக்கொள்கிறேன். மின்சாரமும் முற்பணமும் இன்னும் மிச்சம். விரைவாகச் சொல்கிறேன். வீடு கைமாறும் நாளில் மின்மானி, நீர்மானி இலக்கங்களை இருவரும் சேர்ந்து பார்த்து, அந்தக் கொப்பியிலேயே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். பட்டியல் உங்கள் பெயரில்தான் வரும், நிலுவையும் உங்களிடம்தான் வரும். இரண்டு குடும்பத்துக்கு ஒரே மின்மானி வைக்காதீர்கள். அலகு கூடக்கூட ஓர் அலகின் விலையும் படிப்படியாக ஏறும், பிறகு யார் மின்விசிறி அதிகம் போட்டது என்று சண்டை வரும். சுவர், கதவு, கூரை எல்லாவற்றையும் அன்றே கைப்பேசியில் படம் எடுத்து அவருக்கும் அனுப்பிவிட்டால், முற்பணத்தில் கழிக்கும்போது வாய்ச்சண்டை இல்லை.

மலசலகூடக் குழியைப் பற்றி இரண்டு பக்கம் எழுதி வந்தேன். இப்போது ஒரு விரல்தான் தெரிகிறது. மூடி எங்கே இருக்கிறது என்பதையாவது குடியிருப்பவருக்குக் காட்டிக் கொடுங்கள். என் வீட்டில் அது செவ்வரத்தைச் சாடிக்குக் கீழே இருக்கிறது. நன்றி, வணக்கம்.