டிக்கெட் எடுக்கும்போதே கேளுங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

ரயில்வே முன்பதிவு கவுன்டரில் பல வருடம் உட்கார்ந்து டிக்கெட் கொடுத்தவன் நான். ஓய்வு பெற்ற பிறகும் தெரிந்தவர்கள் கூப்பிட்டுக் கேட்பது நிற்கவில்லை. இப்போது அதிகம் வரும் கேள்வி, "கார்டில் பாயின்ட் சேர்ந்திருக்கு, அதை வைத்து ரயில் டிக்கெட் எடுக்கலாமா?"

எடுக்கலாம். ரயில்வேயின் ஆன்லைன் டிக்கெட் நிறுவனமான ஐஆர்சிடிசியும் எஸ்பிஐ கார்டும் சேர்ந்து தரும் கிரெடிட் கார்டில் ஒரு பாயின்ட் ஒரு ரூபாய்க்குச் சமம். ஐஆர்சிடிசி தளத்தில் ஏசி வகுப்பு டிக்கெட் வாங்கினால் 10 சதவீதம் வரை பாயின்ட்டாகத் திரும்ப வரும். கார்டின் லாயல்டி கணக்கை, அதாவது பாயின்ட் சேரும் கணக்கை, உங்கள் ஐஆர்சிடிசி கணக்கோடு இணைத்துவிட்டால் டிக்கெட் எடுக்கும்போது பாயின்ட்டைக் கழித்துக்கொள்ளலாம். ஒன்று மட்டும் கவனம். கார்டு பாக்கியை மாதாமாதம் முழுசாகக் கட்டிவிடுங்கள். வட்டி ஏற ஆரம்பித்தால் சேர்த்த பாயின்ட் எல்லாம் அதிலேயே போய்விடும்.

பாயின்ட் வேறு, கட்டணச் சலுகை வேறு. பாயின்ட்டால் கட்டணம் குறையாது, அது உங்கள் பணத்துக்குப் பதிலாகப் போகிறது, அவ்வளவுதான். சலுகையில் கட்டணமே குறைகிறது. இரண்டும் எல்லா இடத்திலும் சேர்ந்து வராது. 2025 அக்டோபர் பண்டிகைக் கூட்டத்துக்காக, போக வர இரண்டு டிக்கெட்டையும் சேர்த்து எடுத்தால் திரும்பும் பயணத்தின் அடிப்படைக் கட்டணத்தில் 20 சதவீதம் தள்ளுபடி என்று ரயில்வே ஒரு திட்டம் கொண்டுவந்தது. அதில் வேறு சலுகையோ வவுச்சரோ செல்லாது, டிக்கெட்டை ரத்து செய்தால் பணமும் திரும்ப வராது என்று விதியிலேயே இருந்தது. தள்ளுபடி என்ற சொல்லைப் பார்த்ததும் பணம் கட்டிவிடாமல் அதற்குக் கீழே உள்ள வரிகளையும் படியுங்கள்.

இந்த 'அடிப்படைக் கட்டணம்' என்ற சொல்லில்தான் பாதிப் பேர் குழம்புகிறார்கள். டிக்கெட்டில் நீங்கள் கொடுக்கும் மொத்தத் தொகையில் முன்பதிவுக் கட்டணம், சூப்பர்ஃபாஸ்ட் கட்டணம் எல்லாம் சேர்ந்திருக்கும். சலுகை அடிப்படைக் கட்டணத்துக்கு மட்டும்தான். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஸ்லீப்பரில் அடிப்படைக் கட்டணம் 400 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்பதிவுக்கு 20, சூப்பர்ஃபாஸ்டுக்கு 30, மொத்தம் 450. 75 சதவீதச் சலுகை உள்ளவருக்கு 400 என்பது 100 ஆகும். மேலே உள்ள 50 அப்படியே இருக்கும். ஆக 150 ரூபாய்.

அந்த 75 சதவீதம் யாருக்கு? இதைச் சொல்லத்தான் முக்கியமாக வந்தேன்.

ஒரு நாள் காலையில் முன்பதிவு வரிசையில் ஓர் அம்மா நின்றார். கையில் நீலக் கலர் பிளாஸ்டிக் ஃபைல். ஃபாரத்தை நீட்டும்போது ஃபைல் சரிந்து ஸ்கேன் உறை வெளியே வந்தது. வீட்டுக்காரருக்கு டயாலிசிஸ், வெளியூர் ஆஸ்பத்திரிக்குப் போய் வருகிறார்கள். "சலுகை எழுதலையேம்மா?" என்று கேட்டேன். "அப்படி ஒண்ணு இருக்கா சார்? இது அஞ்சாவது தடவை. யாருமே சொல்லலையே" என்றார். அந்த ஐந்து தடவையும் இரண்டு பேருக்கும் முழுக் கட்டணம். எனக்கு அன்றைக்கு வேலையே ஓடவில்லை.

விதி இதுதான். சிறுநீரக மாற்று சிகிச்சைக்கோ டயாலிசிஸுக்கோ போகிறவர், இதய அறுவை சிகிச்சைக்குப் போகிறவர், இவர்களுக்கு ஸ்லீப்பரிலும் மூன்றாம் ஏசியிலும் 75 சதவீதம் குறையும். கூட வரும் ஒருவருக்கும் அதே அளவு. புற்றுநோய்க்கு சிகிச்சை எடுப்பவருக்கு இந்த இரண்டு வகுப்பிலும் 100 சதவீதம், துணைக்குப் போகிறவருக்கு 75. முதல் ஏசி, இரண்டாம் ஏசி என்றால் 50தான். துணையில்லாமல் பயணம் செய்ய முடியாத மாற்றுத்திறனாளிகளுக்கும், முழுமையாகப் பார்வை இல்லாதவர்களுக்கும் டயாலிசிஸ் நோயாளிகளுக்கு உள்ள மாதிரியே உண்டு.

இதற்கு வேண்டியது ரயில்வே வகுத்திருக்கும் படிவத்தில் ஆஸ்பத்திரி கொடுக்கும் சான்றிதழ், கையெழுத்தும் முத்திரையும் தெளிவாக இருக்க வேண்டும். டாக்டர் சீட்டைக் காட்டினால் போதாது. கவுன்டரில் இருப்பவருக்கு மனசு இருந்தாலும் படிவம் இல்லாமல் கொடுக்க வழியில்லை. மாற்றுத்திறனாளிகள் ரயில்வேயின் அடையாள அட்டை வாங்கிவிட்டால் ஆன்லைனிலேயே எடுக்கலாம். நோயாளிகள் கவுன்டருக்குத்தான் வர வேண்டும்.

அப்புறம், தட்கலில் எந்தச் சலுகையும் கிடையாது. ரயில் ஏறிய பிறகு டிக்கெட் பரிசோதகரிடம் சான்றிதழைக் காட்டிக் கட்டணத்தைக் குறைக்கச் சொல்லவும் முடியாது. ஆஸ்பத்திரியில் அடுத்த தேதி சொன்ன அன்றைக்கே சான்றிதழையும் கேட்டு வாங்கிவிட்டால் தட்கல் பக்கமே போக வேண்டியிருக்காது.

மூத்த குடிமக்கள் சலுகையைப் பற்றிக் கேட்காத ஆள் இல்லை. 60 வயது ஆண்களுக்கு 40 சதவீதம், 58 வயது பெண்களுக்கு 50 சதவீதம் என்று இருந்ததை 2020 மார்ச்சில் கொரோனா நேரத்தில் நிறுத்தினார்கள். அது திரும்ப வர வேண்டும் என்பது என் கருத்து. பென்ஷன் இல்லாத பெரியவர்கள் பேரப்பிள்ளையைப் பார்க்கப் போவதைத் தள்ளிப்போடுவதை நானே பார்த்திருக்கிறேன்.

குழந்தைகள் விஷயம் சுருக்கமாக. 5 வயது நிறையாத பிள்ளைக்குத் தனி பெர்த் கேட்காவிட்டால் டிக்கெட்டே வேண்டாம். 5 முதல் 12 வயதுக்குள் என்றால் பெர்த் இல்லாமல் அரைக் கட்டணம், பெர்த் கேட்டால் முழுக் கட்டணம். 2016 ஏப்ரலிலிருந்து இப்படித்தான். ஃபாரத்தில் இதைக் குறிக்காமல் விட்டுவிட்டு அப்புறம் சண்டை போடுகிறவர்கள் நிறைய. பள்ளிக்கூடத்துக்கு ரயிலில் போய்வரும் பையன்களுக்கு பன்னிரண்டாம் வகுப்பு வரைக்கும், பெண்பிள்ளைகளுக்கு டிகிரி முடிக்கும் வரைக்கும் இரண்டாம் வகுப்பு மாத சீசன் இலவசம். பள்ளியில் சான்றிதழ் கேளுங்கள்.

அந்த அம்மா அடுத்த மாதம் வந்தார். அதே நீல ஃபைல். மேலாகவே சான்றிதழை வைத்திருந்தார், துணைக்கு வருபவர் என்ற இடத்தில் தன் பெயரை எழுதியிருந்தார். டிக்கெட்டை வாங்கி இரண்டு தடவை தொகையைப் பார்த்துவிட்டு, "இவ்வளவுதானா சார்?" என்று கேட்டார். "இவ்வளவுதாம்மா" என்றேன்.